பெட்டிக்கு மேலே ஒரு கோடை

1990 ஜூலை 18

இன்று தூபியாவின் பெட்டி கிடைத்தது.

காலை பத்து மணிக்குப் பனி ஆய்வுக்காரி வீபெக்கா பெரும்பனி முகாமிலிருந்து ரேடியோவில் கூப்பிட்டாள். மண்ணெண்ணெய் எத்தனை பீப்பாய் வேண்டும் என்று சொல்லத்தான் கூப்பிடுகிறாள் என்று பென்சிலை எடுத்தேன். "பிபியானா, நாற்பதாவது கிலோமீட்டர் கம்பத்தடியில குழி தோண்டிட்டிருந்தோம். ஒரு மரப்பெட்டி. மூடியில உங்க கடைப் பேரு. பச்சைக் கயிறு," என்றாள். பென்சிலைக் கீழே வைத்தேன்.

அந்தக் கயிற்றைக் கட்டியவள் நான். 1988 ஏப்ரலில். அந்த வருடம் என் தம்பி தூபியாவையும் பதினோரு நாய்களையும் ஆய்வுக்காரர்கள் விமானத்தில் ஏற்றி, உள்நாட்டை மூடிக் கிடக்கும் பெரும்பனியின் நடுவில் தங்கள் கருவிகளோடு இறக்கினார்கள். வேலை முடிந்ததும் அவன் சறுக்குவண்டியில் தனியாகக் கரைக்குத் திரும்ப வேண்டும். வழியில் இந்தக் கம்பத்தடியில் நாய்த் தீனியும் மண்ணெண்ணெயும் வைத்த பெட்டி காத்திருக்க வேண்டும். அதைக் கொண்டுபோய் வைப்பது அமாந்துஸின் பொறுப்பு. அமாந்துஸ் என் கூட்டாளி. பதினைந்து வருடமாகப் படகிலும் கடையிலும் பாதிப் பாதி. தூபியாவோடு ஒரே வண்டியில் வளர்ந்தவன்.

மே கடைசியில் ஹெலிகாப்டர்காரர்கள் தூபியாவைக் கண்டெடுத்தார்கள். கம்பத்திலிருந்து முந்நூறு அடியில். அடுப்பு காலி. நாய்களை அவிழ்த்து விட்டிருந்தான். மூன்று நாய் ஊர் வந்து சேர்ந்தன.

"வெச்சேன்க்கா. கம்பத்துக்குக் கிழக்கே ரெண்டு எட்டு. காத்து மூடியிருக்கும். அவன் சரியாத் தேடல," என்றான் அமாந்துஸ். ஊர் அதோடு இன்னொன்றைச் சேர்த்துக்கொண்டது: குடித்திருப்பான். இரண்டு வருடம் கேட்டுக்கொண்டிருந்தேன். இல்லை என்று சொல்ல என் கையில் ஒன்றும் இல்லை.

இப்போது பெட்டி இருக்கிறது. சொன்ன இடத்திலேயே இருக்கிறது. அமாந்துஸ் சொன்னது உண்மைதான்.

தம்பி, ரெண்டு எட்டுதானேடா. ஏன்டா சரியாத் தேடல?

ஜூலை 19

சேவரின் தோட்டா வாங்க வந்தான். சீல் வேட்டையில் ஊரிலேயே மூத்த கை, நாக்கும் அப்படித்தான். "கெடச்சிருச்சாமே பெட்டி. கம்பத்தடியிலயே! என் கெழட்டு நாய் மோந்தே கண்டுபிடிச்சிருக்கும்," என்றான். தோட்டாவை எண்ணிக் கொடுத்தேன். மீதியைக் கையில் கொடுக்காமல் பலகையில் வைத்தேன்.

அமாந்துஸ் கடலில் இருக்கிறான். வர நான்கைந்து நாள் ஆகும்.

ஜூலை 20

ரெகீனா பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வந்தாள். அமாந்துஸ் பெண்டாட்டி. தூபியா செத்து ஒன்பது மாதம் நிறைவதற்குள் அவர்களுக்குப் பெண் பிறந்தது. செத்தவன் பெயரைத்தான் வைத்தார்கள், எங்கள் வழக்கப்படி. பெயர் வந்தால் ஆளும் வந்தான். அதனால் ஒன்றரை வயதுப் பெண் பிள்ளையை நான் தம்பி என்றுதான் கூப்பிடுகிறேன். அவளுக்கு நான் அக்கா.

"தம்பி, மிட்டாய் வேணுமா?" புருவத்தைத் தூக்கினாள். எங்கள் ஊரில் ஆமாம் என்பதற்கு வாய் தேவையில்லை. "அப்ப அக்காவுக்குப் பாதி தா." மூக்கைச் சுருக்கினாள். கிடையாதாம். தூபியாவும் இப்படித்தான். கொடுக்கவே மாட்டான்.

அமாந்துஸ் எனக்குச் செய்த பெரிய உபகாரம் இந்தப் பெயர். வேறு யாராவது முந்திக்கொண்டிருந்தால் நான் அந்த வீட்டு வாசலில் நின்றிருப்பேன்.

ஜூலை 22

மண்ணெண்ணெய் ஏற்றிப் போன ஹெலிகாப்டரில் நானும் போனேன். பெட்டியை நானே கொண்டுவர வேண்டும் என்று வீபெக்காவிடம் சொன்னேன். அவள் மறுக்கவில்லை. ஆனால் எதையோ மெல்லுகிற முகம். எப்போதும் கறுப்பு அதிமதுர மிட்டாய் மெல்லுகிறவள்தான். இது வேறு.

பெட்டியைக் கூடாரத்தில் வைத்திருந்தார்கள். முடிச்சு அவிழவே இல்லை. உள்ளே நான் வைத்தபடியே உலர்ந்த மீன், நாய்த் தீனி, மண்ணெண்ணெய், தீப்பெட்டி, நான் பின்னிய கையுறை. உறைக்குள் செருகிய சீட்டும் இருந்தது: 'பாதி வழி வந்துவிட்டாய். புகையிலையை ஒரே நாளில் தீர்க்காதே.' மடிப்புக்கூடக் கலையவில்லை.

அழுது முடிக்கும்வரை வீபெக்கா வெளியே நின்றாள். பிறகு, "உங்ககிட்ட ஒண்ணு காட்டணும். காட்டாம இருக்கலாமான்னு நாலு நாளா யோசிச்சேன். எறங்கி வாங்க," என்றாள்.

கம்பத்தடியில் ஒட்டி ஒட்டி இரண்டு குழி. நடுவில் ஒரு கை அகலச் சுவர். ஒன்று திறந்து கிடக்கிறது. ஒன்றைப் பலகையால் மூடியிருக்கிறார்கள். மூடிய குழிக்குள் ஏணியில் இறங்கினோம். அந்தப் பக்கத்து வெயில் சுவர் வழியாக ஊடுருவி வருகிறது. சுவர் முழுக்க நீலம். நீலத்தில் குறுக்கே குறுக்கே கோடு, வெளுப்பும் அடர்த்தியுமாக. எத்தனை வருடமாக இந்த ஆட்களுக்குச் சாமான் விற்கிறேன். இவர்கள் இங்கே எதைப் பார்க்கிறார்கள் என்று ஒரு நாளும் கேட்டதில்லை. பணம் சரியாக வந்தது. வேறென்ன வேண்டும்?

"கையை வெச்சுப் பாருங்க. இது மாவு மாதிரி இருக்கா? குளிர்காலத்துல விழுந்தது. காத்து அடிச்சு இறுக்கினது. இது?"

"சர்க்கரை மாதிரி உதிருது."

"கோடை. வெயில் பட்டுப் பெருத்த மணி. அது மேல உருகி உறைஞ்ச பொருக்கு, கண்ணாடி மாதிரி. ஒரு மாவு, ஒரு சர்க்கரை, ஒரு வருஷம். மேலேருந்து எண்ணிட்டே வாங்க."

எண்ணினேன். நாங்கள் ஏறி நின்ற தரை இந்தக் கோடை. கீழே போன குளிர்காலம். அதற்குக் கீழே பொருக்கு, 1989 கோடை. அதற்குக் கீழே அதற்கு முந்தின குளிர்காலம். அந்தக் குளிர்கால மாவின் அடியில், சுவரில், பெட்டி இருந்த சதுரப் பள்ளம். அதற்கும் கீழே ஒரு சாண் புதுப்பனி. அதற்கும் கீழே அடுத்த பொருக்கு, உடையாமல், நீளமாக.

"அது எண்பத்தெட்டுக் கோடை," என்றாள் வீபெக்கா.

நான் சரக்கு அடுக்குகிறவள். கீழே இருக்கும் மூட்டை முதலில் வந்தது. மேலே இருக்கும் மூட்டை பிறகு வந்தது. இதற்குப் படிப்பு வேண்டாம்.

"பெட்டியை ஏப்ரல்ல வெச்சது," என்றேன்.

"ஏப்ரல்ல வெச்சிருந்தா அந்தப் பொருக்கு பெட்டிக்கு மேல இருக்கணும், பிபியானா. பெட்டிக்கு மேல ரெண்டு கோடை இருக்கணும். ஒண்ணுதான் இருக்கு."

சுவரின் அடியில் ஒரு மூலையில் கோடுகள் கிண்ணம் போலக் குழிந்து கிடந்தன. எதையாவது கேட்க வேண்டும் என்பதற்காக, அது என்ன என்று கேட்டேன். "தெரியல. பாக்கணும்," என்றாள். மேலே ஏறும்போது, "காத்து ஒரு வருஷப் பனியை அப்படியே வாரிட்டுப் போறதும் உண்டு. எண்ணிக்கையில ஒரு வருஷம் தப்பலாம். யார்கிட்டயும் இப்பச் சொல்லாதீங்க. இது ஒரு மனுஷனோட பேரு," என்றாள்.

ஒரு மனுஷன் பேரா? என் தம்பிக்கும் பேர் இருந்தது.

ஜூலை 24

அமாந்துஸ் கரைக்கு வந்ததும் படகைக்கூடக் கட்டாமல் ஓடி வந்தான். "கெடச்சிருச்சாமேக்கா! நான் சொன்னேன்ல?" என்று என்னைக் கட்டிக்கொண்டான். அழுதான். நிஜக் கண்ணீர்தான். பதினைந்து வருடமாகச் சரக்கைத் தொட்டே தரம் சொல்லுகிறவள் நான். அந்தக் கண்ணீரில் கலப்படம் தெரியவில்லை.

"வீபெக்கா ஏதோ கோடு எண்ணுறா," என்றேன், சும்மா சொல்லுகிற மாதிரி. "பெட்டிக்கு மேல ஒரு கோடைதான் இருக்காம்."

சிரித்தான். "என்னக்கா இது? பனி என்ன காலண்டரா? காத்து அடிக்கும், வாரிட்டுப் போவும், வேற எடத்துல கொட்டும். கடல்பனியைப் பாக்கல? இந்த வருஷம் அதுமேல வண்டி ஓட்டுவோம், ஜூன்ல ஒண்ணுமே இருக்காது." கை மட்டும் காபிக் குவளையைச் சுற்றிக்கொண்டே இருந்தது.

அவன் சொல்வதும் சரிதான். கரை மனிதர்களுக்குப் பனி என்றால் கடல்பனி. எதைப் போட்டாலும் கோடையில் கடல் வாங்கிக்கொள்ளும். கொலையைக்கூட வாங்கிக்கொள்ளும். பெரும்பனியில் எங்களுக்கு வேலை இல்லை. அங்கே சீல் இல்லை, மீன் இல்லை. அது எதையும் கொடுப்பதும் இல்லை, வைத்துக்கொள்வதும் இல்லை என்றுதான் நினைத்தோம். நானும்தான்.

ஜூலை 25

தராசைச் சந்தேகப்பட்டால் எடை தெரிந்த கல்லை வைத்துப் பார்க்க வேண்டும்.

இதை ஏன் நேற்றே யோசிக்கவில்லை?

ஜூலை 26

வீபெக்காவிடம் ரேடியோவில் பேசினேன். ரேடியோவை ஊரே கேட்கும் என்பதால் சுற்றி வளைத்தேன். "அங்க ஒரு சிலுவை இருக்கு. எங்க தம்பி கெடந்த எடத்துல. எண்பத்தெட்டு அக்டோபர் கடைசியில வெச்சது. தேதி ஊருக்கே தெரியும். அடியில ஒரு பலகைப் பீடம் உண்டு. அது எந்தக் கோட்டு மேல உக்காந்திருக்குன்னு பாத்துச் சொல்றீங்களா? பீடம் உளுத்துப்போச்சான்னு தெரியணும்."

எழுதிக்கொள்கிற சத்தம் கேட்டது. பிறகு, "நீங்க இங்க வேலைக்கு வந்துடுங்க," என்றாள்.

அந்தச் சிலுவையை வைத்ததும் அமாந்துஸ்தான். தனியாகப் போனான். வேறு யாரும் வர வேண்டாம் என்றான். நண்பனுக்கு நான் செய்கிற கடைசிக் காரியம் என்றான். நாய்களுக்கு எட்டு நாள் தீனி நான் கொடுத்தேன். சிலுவை மரமும் என் கிடங்கு மரம். வண்டி கிளம்பும்போது அவன் கையைப் பிடித்துக்கொண்டு நன்றி சொன்னேன். தார்ப்பாய்க்கு அடியில் சுமை அதிகமாகத்தான் இருந்தது. சிலுவை கனம் என்று நினைத்தேன்.

ஆகஸ்ட் 3

வீபெக்காவிடமிருந்து ஒரே வரி: "பலகை நல்லா இருக்கு. பெட்டி இருந்த அதே படலம். அதே ஒரு சாண்."

ஆகஸ்ட் 4

கடை திறக்கவில்லை. வயிற்று வலி என்று எழுதித் தொங்கவிட்டேன்.

ஆகஸ்ட் 5

என்ன செய்வது? வெளிப்படையாக எழுதிக்கொள்கிறேன், இது எனக்கு மட்டும்தான்.

மீன் பருவம் வருகிறது. படகு பாதி அவனுடையது. இப்போது முறித்தால் இரண்டு பேருக்கும் ஒரு வருடம் போச்சு. இது ஒன்று.

இன்னொன்று அந்தப் பிள்ளை. வாயைத் திறந்தால் அந்த வீட்டுக் கதவு எனக்கு மூடும். தம்பியை இரண்டாவது தடவையும் இழக்க வேண்டும். அதற்காகத்தான் அந்தப் பெயரை வைத்தானா? என் வாயை அடைக்கவா? பிறந்து ஒரு மணி நேரத்தில் ஓடி வந்தான், "அக்கா, உங்க தம்பி வந்துட்டான்." முட்டிக்கால் போட்டு அந்தச் சின்னக் காலை முத்தமிட்டேனே. அதையும் பார்த்துக்கொண்டு நின்றானே!

கோபன்ஹேகனில் அளந்து பார்த்துச் சொல்கிறேன் என்று வீபெக்கா சொல்லியிருக்கிறாள். செர்னோபில் அணு உலை வெடித்தபோது அந்த நஞ்சு இங்கேயும் வந்து விழுந்ததாம். 1986 வசந்தம். அந்தப் படலத்தைக் கண்டுபிடித்தால் கீழேயிருந்து மேலே எண்ணலாம். மேலேயிருந்து எண்ணியதும் கீழேயிருந்து எண்ணியதும் ஒரே இடத்தில் வந்து நின்றால் காற்று எதையும் வாரவில்லை என்று அர்த்தம். குழிச் சுவரைச் சாண் சாணாக வெட்டிப் புட்டிகளில் உருக்கி எடுத்துப் போகிறாள். பதில் வரக் குளிர்காலம் ஆகும்.

காத்திருக்கிறேன். நான் எண்ணியது தப்பு என்று வந்தால் அவன் காலில் விழத் தயார். தப்பாக இருக்க வேண்டும்.

செப்டம்பர் 11

அமாந்துஸோடு ஹாலிபட் மீன் இறக்கினேன். நல்ல பருவம். என் முதுகில் தட்டி, "அக்கா ரொம்ப நாளா சிரிக்கவே இல்லியே, பல்லு போச்சா?" என்றான். சிரித்துக் காட்டினேன்.

நானும் பொய் சொல்லப் பழகிக்கொண்டேன். கஷ்டமாக இல்லை.

அக்டோபர் 30

சிலுவையின் இரண்டாம் ஆண்டு. அமாந்துஸ் தேவாலயத்தில் மெழுகுவர்த்தி ஏற்றினான். என் பக்கத்தில் நின்று.

டிசம்பர் 2

சூரியன் போய்விட்டது.

1991 ஜனவரி 9

தொலைபேசியில் வீபெக்கா. இரண்டு எண்ணிக்கையும் ஒன்று. செர்னோபில் படலம் எங்கே இருக்க வேண்டுமோ அங்கே இருந்தது. அதற்கு மேல் மூன்று கோடை, அதற்கு மேல் பெட்டி. கோடையில் விழுகிற பனி நீர் கொஞ்சம் கனம், குளிர்கால நீர் லேசு, அதையும் நிறுத்துப் பார்த்தேன் என்றாள். ஒரு வருடம்கூடத் தொலையவில்லை. பெட்டி வைத்தது 1988 இலையுதிர்காலம். தம்பி செத்து ஐந்து மாதம் கழித்து.

"படம் ஒண்ணு தபால்ல வருது. அதைத் தனியா இருக்கும்போது பிரிங்க," என்றாள்.

ஜனவரி 15

இன்று சூரியன் திரும்பிய நாள். ஊரே பாறை மேட்டுக்கு ஏறியது. நான் தபாலுக்குப் போனேன்.

காகிதத்தில் பென்சிலால் வரைந்த படம், மேலிருந்து பார்க்கிற மாதிரி. நடுவில் ஒரு புள்ளி, கம்பம். சுற்றி நான்கு வட்டம். அடியில் அவள் கையெழுத்தில்:

'அன்று நீங்கள் கேட்டீர்களே, கிண்ணம் போல் இருந்தது என்னவென்று. நீங்கள் போன பிறகு கம்பத்தைச் சுற்றி அகலமாகத் தோண்டினேன். நான்கு இருக்கின்றன. மனிதன் தோண்டிய குழிகள், காற்று நிரப்பியவை. வயது தெரியாமல் உங்களிடம் சொல்லக் கூடாது என்று இருந்தேன். இப்போது தெரியும். குளிர்கால மாவை வெட்டியிருக்கின்றன. 1988 கோடைப் பொருக்கு நான்கின் மேலும் உடையாமல் ஓடுகிறது. ஆகவே அந்த வசந்தத்தில் தோண்டியவை. கிழக்குப் பக்கக் குழிதான் மிக ஆழம். இடுப்பளவு.'

அந்த வசந்தத்தில் அங்கே ஒரே ஒரு மனிதன்தான் இருந்தான்.

கிழக்கே ரெண்டு எட்டு. சரியா அங்கதான் தோண்டியிருக்கான். இல்லைன்னதும் வடக்கே. அப்புறம் மேற்கே, அப்புறம் தெற்கே. அப்புறம் திரும்பவும் கிழக்குல வந்து இடுப்பளவு. நட்பு மேல அவ்வளவு நம்பிக்கைடா உனக்கு. அமாந்துஸ் வெச்சிருப்பான், நான்தான் தப்பா தேடறேன்னு நெனச்சியா? சாகிற வரைக்கும் உன்னையே சந்தேகப்பட்டியா?

நானும் அதையே சொன்னேனே. சரியாத் தேடலன்னு. இந்த நோட்டிலேயே எழுதியிருக்கேனே!

வெளியே பிள்ளைகள் சூரியனைப் பார்த்துக் கத்துகிறார்கள்.

பிப்ரவரி 2

தம்பிக்கு இரண்டு வயது. வழக்கம் போல வீடு திறந்து கிடக்க, ஊரே வருவதும் காபி குடிப்பதும் கேக் தின்பதும் போவதுமாக இருந்தது. நான் போகாமல் இருந்தால் பிள்ளை தேடும். வெள்ளைச் சீல்தோல் காலணி கொண்டுபோனேன். போட்டதும் நேராக என் மடிக்கு வந்து, "அக்கா, குதி," என்றாள். குதித்தேன். ஐம்பத்திரண்டு வயதில்.

மதியம் வலை எடுக்க அமாந்துஸ் பின்கொட்டகைக்குப் போனான். நானும் பின்னாலேயே போனேன். படத்தைப் பிரித்து மீன் பலகை மேல் வைத்தேன். ஒவ்வொரு வட்டமாக விரலை வைத்துச் சொன்னேன். வடக்கு. மேற்கு. தெற்கு. கிழக்கு, இடுப்பளவு.

"பெட்டி அங்க இல்லதானே?"

படத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு புருவத்தைத் தூக்கினான்.

அந்தப் புருவத்தை நான் முன்பும் பார்த்திருக்கிறேன். 1988 மே எட்டாம் தேதி கடைப் பலகைக்கு அந்தப் பக்கம் நின்றான். 'பெட்டி வெச்சிட்டியா?' என்று கேட்டேன். தூக்கினான். அன்றைக்கு மூக்கைச் சுருக்கியிருந்தால் அரை மணி நேரத்தில் ஹெலிகாப்டரைக் கூப்பிட்டிருப்பேன். தூபியா அன்று உயிரோடு இருந்தான்.

"எத்தனை நாளுடா அந்தப் பெட்டி உன்கிட்ட இருந்தது?"

"இதே கொட்டகையிலதான்க்கா. கெளம்பினேன், சத்தியமா. மே மூணாம் தேதி. பாதி வழியில வெள்ளைக் காத்து, பனியை வாரி அடிச்சுது, கண்ணே தெரியல. நாய் படுத்திருச்சு. திரும்பிட்டேன். நாளைக்குப் போவோம், நாளைக்குப் போவோம்னு... நீங்க கேட்டப்ப வாய் வரல. அவன் கெட்டிக்காரன், எப்படியும் வந்துருவான்னு நெனச்சேன். அப்புறம் போலீஸ்காரர் அடுத்த கோடையில தோண்டிப் பாக்கணும்னாரு..."

"அதனால சிலுவையோட பெட்டியையும் ஏத்திட்டுப் போனே. என் தீனியை நாய்க்குப் போட்டு."

வலையை எடுத்து, திரும்பக் கீழே வைத்தான்.

"பேரு? பிள்ளைக்குப் பேரு எதுக்கு வெச்சே? என் வாயை அடைக்கவா?"

அப்போதுதான் நிமிர்ந்தான். "அது அவன் வரணும்னு வெச்சேன்," என்றான். "நீங்க நம்பவேணாம்." பிறகு, கசப்பாக, "ஏப்ரல்லயே ஏன் போகலன்னு கேக்கலியேக்கா நீங்க? திமிங்கிலம் வந்திருச்சுல்ல. 'தோல் வந்தா முதல்ல எனக்கு எறக்கு, பெட்டியை ரெண்டு நாள் கழிச்சுப் போட்டுக்கலாம்'னு யார் சொன்னது?"

வாசலில் ரெகீனா நின்றிருந்தாள், கையில் காபிப் பாத்திரத்தோடு. எவ்வளவு நேரமாகவோ. "அந்தப் பெட்டி மேலதான் அந்தக் கோடை முழுக்க நான் தோல் காயப்போட்டேன்," என்றாள் மெதுவாக. "என்ன பெட்டின்னு கேக்கல. கேட்டா சொல்லிருவாரோன்னு பயந்து கேக்கல."

கொட்டகையை விட்டு வெளியே வந்தேன். வீட்டுக்குள்ளே தம்பி புதுக் காலணியோடு தரையை மிதித்து மிதித்துச் சத்தம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பிப்ரவரி 3

1988 நோட்டை எடுத்துப் பார்த்தேன். ஏப்ரல் 21: 'கடல்பனி வெடிப்பில் வெள்ளைத் திமிங்கிலம். அமாந்துஸைப் போகச் சொன்னேன். பெட்டிக்கு அவசரமில்லை.' ஏப்ரல் 26: 'மூன்று திமிங்கிலத் தோல். அருமையான சரக்கு. இரண்டே நாளில் தீர்ந்தது.'

என் கையெழுத்து. அழுத்தி எழுதியிருக்கிறேன், சந்தோஷத்தில்.

பிப்ரவரி 4

இரண்டையும் ஒரே தட்டில் வைக்க மாட்டேன். நான் சொன்னது பேராசை. அவன் செய்தது வேறு. நான் கேட்ட அன்று அவன் உண்மையைச் சொல்லியிருக்கலாம். செத்தவன் மேல் பழி போடாமலாவது இருந்திருக்கலாம்.

ஆனால் என் பங்கு ஒன்றுமில்லை என்றும் எழுத முடியாது.

பிப்ரவரி 6

ரெகீனா நடுவில் உட்கார, மூன்று மணி நேரம் பேரம். இத்தனை வருடத்தில் என்னிடம் இறங்கி வராத ஆள் இல்லை. இன்று நானும் இறங்கினேன். போலீசுக்குப் போகவா என்று கேட்டேன். "போங்கக்கா. நான் தடுக்கல," என்றான். தடுத்திருந்தால் போயிருப்பேன். எனக்குத் தம்பியின் பேர் வேண்டும், இந்த ஊரின் வாயிலிருந்து. அதைப் போலீஸ்காரன் கொடுக்க முடியாது. அவனுக்கும் ஒரு நிபந்தனை இருந்தது, ஒன்றே ஒன்று. "அப்ப நீங்களும் சொல்லணும்." ரெகீனா என்னைப் பார்த்தாள். புருவத்தைத் தூக்கினேன்.

பிப்ரவரி 10, ஞாயிறு

ஆராதனை முடிந்ததும் ஊர்க்கூடத்தில் எல்லோரும் உட்கார்ந்தார்கள். அமாந்துஸ் எழுந்து தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு சொன்னான்: "கம்பத்தடியில பெட்டி இல்ல. நான் வைக்கல. தூபியா குடிச்சிருக்கல. தேடினான். நாலு எடத்துல தோண்டினான். பெட்டியை அப்புறமா வெச்சது நான்." முடிக்கும்வரை யாரும் எழுந்திருக்கவில்லை.

பிறகு நான் எழுந்து சொன்னேன்: "ஏப்ரல்ல இவனைத் திமிங்கிலத்துக்கு அனுப்பினது நான். அந்தத் தோலை நீங்க எல்லாரும் என்கிட்டத்தான் வாங்கித் தின்னீங்க." வீபெக்காவின் படத்தைச் சுவரில் குத்தினேன்.

சேவரின் படத்துக்கு முன்னால் ரொம்ப நேரம் நின்றான். கைத்தடியால் கிழக்கு வட்டத்தைத் தொட்டு, "இது இடுப்பளவா?" என்றான். ஆமாம் என்றேன். "அடுப்பு எரியாத மனுஷன் இடுப்பளவு தோண்டியிருக்கான்," என்றான். வாசலில் நின்று, திரும்பாமலே, "என் வாயில புழு பூக்க," என்று சொல்லிவிட்டுப் போனான்.

பேசி முடிவான நிபந்தனைகள், மறக்காமல் இருக்க: படகு முழுதும் அவனுக்கு, கடை முழுதும் எனக்கு. யாரும் யாருக்கும் மேற்கொண்டு ஒன்றும் தர வேண்டாம். பெரும்பனி வேலை எதையும் அவன் இனி ஏற்கக் கூடாது. அந்தப் படம் கூடத்திலேயே இருக்கும். கோடையில் வீபெக்காவின் ஹெலிகாப்டரில் போய் நான்கு குழிக்கும் நடுவில் சிலுவையை மாற்றி வைப்பேன், அவன் கூட வரக் கூடாது. ஞாயிறு பன்னிரண்டு முதல் நான்கு மணி வரை தம்பி என்னோடு. ரெகீனாதான் கூட்டி வர வேண்டும், ரெகீனாதான் கூட்டிப் போக வேண்டும். அமாந்துஸ் என் வீட்டுப் படி ஏறக் கூடாது. கடைக்கு வரலாம். தோட்டா, காபி, மண்ணெண்ணெய், ஊருக்கு என்ன விலையோ அதே விலை. ரொக்கம்.